கல்லூரிக் கணக்குப் பிரிவிலிருந்து செலவுக் கணக்கியலுக்கு

வணக்கம் சகோதரி. கீழக்கரைக் கல்லூரியொன்றில் கணக்கு எழுதிவரும் தாங்கள், எந்தத் துறை நட்டத்தில் நடக்கிறது என்று நிர்வாகம் கேட்டபோது விடை சொல்ல இயலவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். அது தங்கள் குறையன்று, பேரேடு அந்தக் கேள்விக்காக எழுதப்படுவதில்லை. அதற்கு விடை தருவது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஆகும் செலவைப் பிரித்துக் கணக்கிடும் செலவுக் கணக்கியலே. பி.காம். பட்டதாரி என்பதால், இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் இடைநிலைப் படிப்பில், அடிப்படைத் தேர்வு எழுதாமலே சேரலாம். எட்டுத் தாள்களையும் ஒருசேர எழுதாமல், நான்கு நான்காக ஜூனிலும் டிசம்பரிலும் எழுதுவதே வேலையில் இருப்பவருக்கு உகந்தது.

அதற்காகக் காத்திராமல், ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் சம்பளத்தைக் கற்பித்த மணிக்கணக்கின்படியும், ஆண்டுதோறும் குறையும் கட்டட மதிப்பான தேய்மானத்தைப் பரப்பளவின்படியும் பகிர்ந்து, ஒரு மாணவருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். உப்புக்காற்றில் ஆய்வகக் கருவிகள் துருப்பிடிக்கும் நம் கடற்கரையில் பராமரிப்பைத் தனியே எழுதுவது அவசியம். துறையை மூடினாலும் கட்டடச் செலவு நிற்காது. ஆகவே உண்மையில் தவிர்க்கக்கூடிய செலவை மட்டும் பிரித்து நிர்வாகத்திடம் காட்டுங்கள்.