24 வோல்ட் பஸ்ஸில் ஒரு பக்கத்துப் பேட்டரியே திரும்பத் திரும்பப் படுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி: பழைய பஸ்ஸில் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்துத் தங்கும் வண்டியாக மாற்றியிருக்கிறோம். கடற்கரைப் பக்கம் இரண்டு இரவு நிறுத்தினால் மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி மாற்றி ஏழு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் மாற்ற வேண்டுமா?

பதில்:

இப்போதைக்குப் பேட்டரிக் கடைக்குப் போகாதீர்கள். நான் அப்படிப் போய்ப் போய் ஒன்றரை வருடத்தில் மூன்று பேட்டரி வாங்கியவன்.

எங்களுடையது ஒரு கல்லூரியில் ஓடிய பஸ். சீட்டைக் கழற்றிவிட்டு ஆறு கட்டில், ஓர் அடுப்பு மேடை, கூரையில் தண்ணீர்த் தொட்டி என்று மாற்றினோம். (அந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற நான் நடந்த நடை தனிக் கதை.) வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். அமாவாசை என்றால் சேதுக்கரை, மற்ற நாட்களில் தேவிபட்டினம், ஏர்வாடி என்று சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

ஓர் ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் இரண்டு ராத்திரி தங்கினோம். தர்ப்பணம், குளியல் எல்லாம் முடிந்து எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான். உள்ளே மாமியார் உட்படப் பதினோரு பேர், வெளியே கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. மச்சான் இறங்கி, “தள்ளிப் பார்ப்போமா மாமா?” என்றான். மணலில் பஸ்ஸையா!

மீட்டரை எடுத்தேன். பஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, வரிசையாக இணைத்து 24 வோல்ட். எர்த் பக்கத்துப் பேட்டரியை, அதாவது மைனஸ் வண்டியின் இரும்போடு இணைந்திருப்பதை, கீழ் பேட்டரி என்றும் மற்றதை மேல் பேட்டரி என்றும் வைத்துக்கொள்வோம். மேல் பேட்டரி 12.7 காட்டியது. கீழ் பேட்டரி 11.4. மச்சானைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தேன். கீழ் பேட்டரி சடாரென்று 6 வோல்ட்டுக்கு இறங்கியது. செல்ஃப் அடிக்கும்போது ஒரு பேட்டரி 9.6க்குக் கீழே போனாலே அதில் சத்து இல்லை என்று அர்த்தம். அதற்கு முன் இரண்டு தடவையும் நான் மாற்றியது இதே பக்கத்துப் பேட்டரிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டதும் நினைவுக்கு வந்தது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அன்றைக்கு எங்களைக் கிளப்பிவிட்டது ஒரு டிராக்டர்க்கார அண்ணன். டிராக்டரில் இருப்பது 12 வோல்ட். அதைப் பஸ்ஸின் மொத்த 24 வோல்ட்டுக்குக் குறுக்கே கொடுத்தால் டிராக்டர் பேட்டரி வெந்துவிடும். செத்த கீழ் பேட்டரிக்கு மட்டும் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்தோம். பத்து நிமிடம் விட்டு அடித்ததும் எடுத்துக்கொண்டது. (செத்தது மேல் பேட்டரியாக இருந்தால் இரண்டு வண்டியின் இரும்பும் ஒன்றையொன்று தொடவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும். அப்போது அந்தப் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துச் செய்வதுதான் பத்திரம்.)

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பெரியபட்டினத்து எலக்ட்ரீஷியன் பாய். பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் இரண்டையும் இணைக்கும் லிங்க் ஒயரில் விரலை வைத்து, “தம்பி, இங்கேருந்து ஒரு சிவப்பு ஒயர் போவுதே, அது என்ன?” என்றார். உள்ளே எல்.இ.டி. விளக்கு, இரண்டு ஃபேன், பாட்டுப் பெட்டி எல்லாம் 12 வோல்ட். பாடி வேலை செய்தவர் நடு இணைப்பிலிருந்து 12 வோல்ட்டை உருவிக் கொடுத்திருந்தார். சுலபமான வழி, செலவும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கச் செலவாவது கீழ் பேட்டரி மட்டும். நான்கு ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினால் 40 ஆம்பியர் அவர். இரண்டு ராத்திரிக்கு 80. எங்கள் பேட்டரி 150. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடு மெல்லியது. ஒரு வீச்சில் கரண்டை அள்ளிக் கொடுக்கத்தான் அது லாயக்கு. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கறந்தால் தாங்காது.

கெடுதல் அதோடு நிற்பதில்லை. வண்டி ஓடும்போது டைனமோ இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் சொச்சம் கொடுக்கிறது. அதில் யாருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. காலியான கீழ் பேட்டரி 13க்குக் கீழேயே நிற்கும். மேல் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருப்பதால் 15ஐத் தாண்டிப் போய்க் கொதிக்கும். மேல் பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருந்தேன், ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஒன்று பட்டினியில், மற்றொன்று அஜீரணத்தில்.

ஆகவே முதல் வேலையாக அந்த நடு ஒயரைத் தேடுங்கள். இருந்தால் பிடுங்கிவிடுங்கள். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டால் இரண்டு பேட்டரியும் சமமாக இறங்கும், ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் செல்ஃபுக்கு மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்தான். நான் விளக்கு, ஃபேனுக்கென்று, ராத்திரி முழுக்கக் கறந்தாலும் தாங்கும் ஒரு டியூபுலர் பேட்டரியைத் தனியாக வைத்து, கூரையில் சோலார் பேனல் போட்டுவிட்டேன். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிற மாவட்டம் இது, வெயிலுக்கா பஞ்சம்? அந்தப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு விடும். கட்டிலுக்கு அடியில் வைக்காமல், காற்றுப் போகிற பெட்டியில் வையுங்கள்.

நடு ஒயர் இல்லையென்றால் எர்த்தைப் பாருங்கள். நம் கடற்கரையில் உப்புக் காற்று முதலில் தின்பது அதைத்தான். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் செம்புப் பட்டைதான் செல்ஃபுக்கு எர்த். எங்கள் வண்டியில் அதைப் பிடித்து லேசாக இழுத்தேன், பச்சைப் பொடி உதிர்ந்து அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். மீட்டரின் ஒரு முனையைக் கீழ் பேட்டரியின் மைனஸிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி முறுக்குங்கள். டெர்மினலில் பூக்கும் வெள்ளைக்கு, பேட்டரி மூடிகள் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆப்ப சோடா கலந்த வெந்நீர் போதும். காய்ந்ததும் வாசலின்.

எல்லாம் சரி, பேட்டரியே போய்விட்டது என்றால்? முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு அளந்து பாருங்கள். 12.6 நின்றால் சரி. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்: ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. நான் மிச்சம் பிடிக்கிறேன் என்று புதிதையும் பழையதையும் ஜோடி சேர்த்துத்தான் மூன்றாவதையும் கொன்றேன்.

கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; லிங்க் மாறிப் போனால் டைனமோவின் டயோடு போய்விடும். முதலில் கழற்றுவது எர்த், கடைசியில் மாட்டுவதும் எர்த். பாய் தன் ஸ்பேனரின் பிடி முழுக்கச் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருப்பார், தவறி இரண்டு டெர்மினலில் விழுந்தாலும் பொறி பறக்காது. ஒன்றொன்றும் 40 கிலோ பக்கம் வரும், தனியாகத் தூக்காதீர்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடந்த தை அமாவாசைக்கு மறுபடி சேதுக்கரையில் இரண்டு ராத்திரி. காலையில் மேல் 12.6, கீழ் 12.6. உங்கள் வண்டியிலும் காலையில், சாவியைத் தொடும் முன், இரண்டையும் தனித்தனியாக அளந்து இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.