தெளிந்த ஓடைதான், கன்றுக்குக் கழிச்சல் ஏன்?

கேள்வி: எங்கள் நிலத்து ஓரமாக ஓர் ஓடை போகிறது. மாடுகள் அதில் இறங்கித்தான் குடிக்கின்றன. மழை பெய்து இரண்டு மூன்று நாளில் கன்றுகளுக்குக் கழிச்சல் வந்துவிடுகிறது. குளிர்பான பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ‘மொத்த கோலிபார்ம் உண்டு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாடுகளை இறக்கலாமா? காய்கறிக்குப் பாய்ச்சலாமா?

பதில்: அந்த ஒற்றை வரி அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோலிபார்ம் என்பது ஒரு பாக்டீரியாக் கூட்டம். மொத்த கோலிபார்ம் கணக்கில் மண்ணிலும் இலைதழையிலும் வாழும் பாக்டீரியாவும் சேரும். திறந்தவெளியில் ஓடும் எந்த ஓடையில் எடுத்தாலும் ‘உண்டு’ என்றுதான் வரும். நீங்கள் கேட்க வேண்டியது ஈ.கோலை. அந்தக் கூட்டத்தில், மனிதர், மாடு, ஆடு, பறவை குடலில் இருக்கும் பாக்டீரியா அது. தண்ணீரில் அது நிறைய இருந்தால், சாணமோ மலமோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் உண்டா இல்லையா என்று கேட்காமல், 100 மில்லி தண்ணீரில் எத்தனை என்று எண்ணிக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி போலத் தெரிவதை நம்பாதீர்கள். கலங்கல் கண்ணுக்குத் தெரியும், பாக்டீரியா தெரியாது. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும்.

அடுத்தது பாட்டில். எத்தனை முறை கழுவினாலும் குளிர்பான பாட்டில் இதற்கு ஆகாது. இரவு முழுக்க வெளியில் இருந்த தண்ணீரில் கிருமி பெருகியும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். பரிசோதனைக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் உள்ள நடுப்பகுதியில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். காலடியில் கலங்கிய சேறு அடித்துப் போகட்டும். அப்புறம் மூடியைத் திறந்து, உட்புறத்தில் விரல் படாமல், பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, அங்கே ஓட்டத்தை எதிர்த்துத் திருப்புங்கள். குலுக்குவதற்குக் கொஞ்சம் காலி இடம் விட்டு மூடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிட வேண்டும். உறையவும் விடக்கூடாது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்றால், பாட்டில் அடிமண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீரைவிட அடிச்சேற்றில் ஈ.கோலை பல மடங்கு இருக்கும்.

உங்கள் மழைக் கணக்குக்கும் அந்தச் சேறுதான் ஒரு காரணம். வெயில் நாளில் சூரிய ஒளி மேல்தண்ணீரில் உள்ள பாக்டீரியாவைக் கொல்கிறது, மீதி சேற்றோடு படிகிறது. கரையில் காய்ந்து கிடக்கும் சாணத்தின் உள்ளே ஈரம் இருக்கும். அதில் ஈ.கோலை வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை வந்ததும் கரைச்சாணம், அடிச்சேறு இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஆகவே நல்ல வெயில் நாளின் பிற்பகலில் எடுத்த பாட்டில் ஓடையை நல்லபிள்ளையாகக் காட்டும்.

அதனால் மூன்று இடத்தில் எடுங்கள்: ஓடை உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடம், மாடு இறங்கும் துறைக்குச் சற்றுக் கீழே, நிலத்தைவிட்டு வெளியேறும் இடம். கடைசி இடத்தில் தொடங்கி மேலே வாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கலக்கிய சேறே பாட்டிலில் வந்து விழும். வறண்ட நாள் ஒன்று, மழைத் தண்ணீர் ஏறிய நாள் ஒன்று, இரண்டும் காலை வேளையில். உதாரணத்துக்கு, நுழையும்போது 80, துறைக்குக் கீழே 900 என்றால் குற்றவாளி உங்கள் மாடுகள்தான். நுழையும்போதே 1500 என்றால் மேலே போய்த் தேட வேண்டும்: எருக்குழி, பட்டி, ஒழுகும் கழிவறைத் தொட்டி ஏதாவது இருக்கும். ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் தாவுகிறது என்று பாருங்கள்.

எண் வந்த பிறகு எதோடு ஒப்பிடுவது? மனிதர் குடிக்கும் தண்ணீரில் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிக்கும் நீர்நிலைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் வைத்த அளவு, 100 மில்லியில் ஈ.கோலை 126. இது பல மாதிரிகளின் பெருக்கல் சராசரி, அதாவது ஒன்றிரண்டு பெரிய எண்கள் அதிகம் இழுத்துவிடாத சராசரி. வளர்ந்த மாடு சில நூறைத் தாங்கிக்கொள்ளும். கன்றை அந்தத் தண்ணீரில் விட நான் சொல்லமாட்டேன்.

ஆனாலும் கழிச்சல் பழியை முழுதும் ஓடை மேல் போட்டுவிடாதீர்கள். கன்றுகள் இன்னும் பால் மட்டும்தான் குடிக்கின்றன என்றால், ஓடை வேறு வழியில் வருகிறது. தாய்மாடு சேற்றில் இறங்குகிறது, மடியில் சேறு ஒட்டுகிறது, கன்று அந்தக் காம்பைத்தான் சப்புகிறது. பிறந்ததும் சீம்பால் போதுமான அளவு குடித்ததா என்றும் பாருங்கள். ஒரு மாதம் தாண்டிய கன்று ரத்தம் கலந்து கழிந்தால் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது ஈ.கோலை எண்ணிக்கையில் தெரியாது. சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் ஒரு வேலை செய்யலாம். ஓடைத் துறையை வேலி போட்டு அடைத்து, நல்ல தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி ஒரு தொட்டியில் கொடுங்கள். வேலிக்கும் ஓடைக்கும் நடுவே புல் அடர்ந்து வளரட்டும், வழிந்து வரும் சாணத்தில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். தேங்கிய இடத்தில் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல ஏடு படிந்திருந்தால், பரிசோதனை எல்லாம் அப்புறம், முதலில் மாட்டை ஓட்டிவிடுங்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும்.

காய்கறிக்கு வருகிறேன். வேகவைத்துச் சாப்பிடும் பயிருக்கு வேரோரம் பாய்ச்சலாம். பச்சையாகச் சாப்பிடும் இலை, காய் மேல் இந்தத் தண்ணீரைத் தெளிப்பானில் அடிக்காதீர்கள். சொட்டுநீரில் மண்ணுக்கு மட்டும் விடுங்கள், மழைக்குப் பிந்தைய நாட்களில் அதையும் நிறுத்திவையுங்கள்.