பிர்ச் மரம் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது? அதன் சிற்றினங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. பிர்ச் மரத்தின் வகைப்பாடு என்ன என்பது ஒன்று. ஒரு நூல் 30 சிற்றினங்கள் என்றும் இன்னொன்று 60 என்றும் கூறுவதற்குக் காரணம் என்ன என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவதன் விடை அந்த மரத்தின் இயல்பிலேயே இருப்பதால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிர்ச் மரங்கள் அனைத்தும் பெட்டுலா என்னும் பேரினத்தில் அடங்கும். அப்பேரினம் பெட்டுலேசி குடும்பத்தையும், அக்குடும்பம் ஓக், பீச், வால்நட் ஆகியவை இடம்பெறும் ஃபேகேல்ஸ் துறையையும் சேர்ந்தவை. நம் கடற்கரையோரங்களில் வளர்க்கப்படும் சவுக்கு மரமும் இதே துறையைச் சேர்ந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். மரபணு ஆய்வுகளின்படி சவுக்கின் குடும்பம் பெட்டுலேசிக்கு மிக நெருங்கிய உறவு. பெட்டுலேசியில் இன்று வாழும் பேரினங்கள் ஆறு. அவற்றுள் பிர்ச்சும் ஆல்டரும் ஒரு துணைக்குடும்பம். ஹேசல் கொட்டை தரும் கோரிலஸும் கார்பைனஸ், ஆஸ்ட்ரியா, ஆஸ்ட்ரியாப்சிஸ் ஆகியனவும் மற்றொரு துணைக்குடும்பம்.

ஆல்டரும் பிர்ச்சும் ஒன்றா என்ற ஐயமும் இங்கே எழலாம். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஆல்டரைப் பெட்டுலாவுக்குள்தான் வைத்திருந்தார். மறு ஆண்டே பிலிப் மில்லர் அதை ஆல்னஸ் என்று தனிப் பேரினமாக நிறுவினார். மில்லர் செய்தது சரி என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே உணரலாம். கங்கோத்ரியிலிருந்து கோமுகம் செல்லும் வழியில் போஜ்பாசா என்ற இடம் இருக்கிறது; போஜ மரம், அதாவது இமயமலைப் பிர்ச், நிறைந்திருந்ததால் அமைந்த பெயர் அது. இலையுதிர் காலத்தில் அவ்வழியே நடந்தபோது, எஞ்சியிருந்த மரங்களில் ஒன்றிலிருந்து முற்றிய பெண் மஞ்சரி ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினேன். விரல் நீள உருளை அப்படியே பொலபொலவென்று உதிர்ந்து, மூன்று மடல் கொண்ட, சிறகு விரித்த குருவி போன்ற செதில்களும், இருபுறமும் மெல்லிய இறகு கொண்ட மிகச் சிறிய கனிகளுமாகப் பிரிந்தது. ஆல்டரின் மஞ்சரி இவ்வாறு உதிர்வதில்லை. அதன் செதில்கள் கட்டைபோல் இறுகி, விதைகள் விழுந்த பின்னும் சிறிய பைன் கூம்பைப் போலக் கிளையிலேயே தங்கிவிடும். ஆல்டரின் வேர்களில் சவுக்கைப் போலவே ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் முடிச்சிட்டு நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. பிர்ச்சுக்கு அந்தத் துணை கிடையாது.

இனி எண்ணிக்கைச் சிக்கலுக்கு வருவோம். லின்னேயஸ் ஐரோப்பாவின் வெள்ளைப் பிர்ச்சுகள் அனைத்தையும் பெட்டுலா ஆல்பா என்று ஒரே பெயரில் அழைத்தார். 1788இல் ரோத் அவற்றிலிருந்து பெட்டுலா பெண்டுலாவைப் பிரித்துப் பெயரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஏர்ஹார்ட் பெட்டுலா பியூபெசென்ஸை வரையறுத்தார். முதலாவதன் இளங்கிளைகள் தாழ்ந்து தொங்கும்; அவற்றைத் தடவினால் பிசின் மருக்கள் சொரசொரப்பாக விரலில் படும்; இலை விளிம்பில் பெரிய பற்களின் மேல் சிறு பற்கள் இருக்கும். இரண்டாவதன் கிளைகளில் மென்மையான மயிர் உண்டு. இலைப் பற்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆல்பா என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் நேர்ந்ததால் தாவரவியலாளர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அழகுசாதனப் பொருள்களின் உறைகளில் மட்டும் இன்றும் அது காணப்படுகிறது.

இவ்வளவு தெளிவான வேறுபாடுகள் இருந்தும், காட்டில் இடைப்பட்ட மரங்கள் ஏராளமாகத் தென்படுகின்றன. இதற்கான காரணம் குரோமோசோம்களில் உள்ளது. பெட்டுலாவின் அடிப்படை எண், அதாவது ஒரு குரோமோசோம் தொகுதியில் உள்ளவற்றின் எண்ணிக்கை, 14. பெண்டுலா இரண்டு தொகுதிகளாக 28 குரோமோசோம்கள் கொண்ட இருமடியம். பியூபெசென்ஸ் 56 கொண்ட நான்மடியம். பேரினம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கை 168 வரை செல்கிறது. மடியம் வேறுபட்டால் கலப்பு நிகழாது என்று பாடப்புத்தகத்தில் படித்த நமக்குப் பிர்ச் வேறு பாடம் நடத்துகிறது. ஐஸ்லாந்தில் குட்டைப் புதரான பெட்டுலா நானாவும் பியூபெசென்ஸும் கலந்து, 42 குரோமோசோம்கள் கொண்ட மும்மடியக் கலப்பினங்கள் இயற்கையாகவே வளர்கின்றன. அவை முழு மலடாக இல்லாததால், அவற்றின் வழியே ஒரு சிற்றினத்தின் மரபணுக்கள் இன்னொன்றுக்குள் கசிகின்றன. பிரிட்டனில் செய்த ஆய்வில், வடக்கே வளரும் பியூபெசென்ஸ் மரங்களில் நானாவின் மரபணுக்களும் தெற்கே வளர்பவற்றில் பெண்டுலாவின் மரபணுக்களும் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. காற்றின் வழி மகரந்தச்சேர்க்கை நிகழும் மரம் என்பதால் மகரந்தம் பரவுவதற்கும் தடை குறைவு.

இமயமலையில் சிக்கல் வேறு விதமானது. 1825இல் டேவிட் டான் பெயரிட்ட பெட்டுலா யூட்டிலிஸ்தான், எழுதப் பயன்பட்ட பட்டையான பூர்ஜபத்திரம் தரும் மரம்; பக்ஷாலி கணிதச் சுவடி எழுதப்பட்டதும் பூர்ஜப் பட்டையில்தான். மேற்கு இமயத்தில் இதன் பட்டை பால் வெண்மையாக இருக்கும். கிழக்கே போகப்போகச் செம்பு நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். சீனாவை எட்டும்போது ஆரஞ்சு கலந்த சிவப்பாகிவிடும். இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வதால் எங்கே கோடு கிழிப்பது என்பது ஆய்வாளரின் தீர்ப்பைப் பொறுத்தது. மேற்கத்திய வெள்ளை வடிவத்தை ஜாக்மோன்டி என்றும் சீனச் சிவப்பு வடிவத்தை ஆல்போசைனென்சிஸ் என்றும் தனிச் சிற்றினங்களாக எழுதிய நூல்கள் உண்டு.

ஆஷ்பர்னரும் மெக்அலிஸ்டரும் 2013இல் வெளியிட்ட மறுஆய்வு அவை இரண்டையும் யூட்டிலிஸுக்குள் துணைச் சிற்றினங்களாக அடக்கி, பேரினத்தில் மொத்தம் 46 சிற்றினங்களை ஏற்று, அவற்றை நான்கு துணைப்பேரினங்களாகப் பகுத்தது. அவற்றுள் நிப்போனோபெட்டுலா என்பதில் ஜப்பானின் பெட்டுலா கோரிலிஃபோலியா ஒன்று மட்டுமே உள்ளது. வளர்ப்பு மரங்களின் குரோமோசோம்களையும் எண்ணிப் பார்த்துச் செய்த பணி என்பதால், எண் ஒன்று சொல்லியாக வேண்டிய இடத்தில் நான் 46 என்றே எழுதுகிறேன். வேறு எண்ணைத் தரும் நூல் உங்கள் கையில் இருந்தால், அதில் முதலில் யூட்டிலிஸ் உள்ள பக்கத்தைப் புரட்டுங்கள். ஆல்போசைனென்சிஸ் அதற்குள் அடங்கியிருக்கிறதா, தனித்து நிற்கிறதா என்று பார்த்தாலே, அந்நூலாசிரியர் மற்ற இடங்களில் சேர்ப்பவரா பிரிப்பவரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.