குழித்துறைக்குத் தேவை இரண்டாவது தண்டவாளம்

கேள்வி: குழித்துறை ரயில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்த பிறகும் சிலர் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, இவர்களுக்கு என்னதான் வேண்டும்?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: வண்டி நேரத்துக்கு வர வேண்டும்.

அம்ரித் பாரத் திட்டத்தில் 2025 மே 22 அன்று நாடு முழுவதும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையும் ஒன்று. எனக்கும் சந்தோஷம்தான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். அவ்வளவு காலம் காத்திருந்த ஊருக்கு நல்ல கட்டடம் கிடைத்ததை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால், அங்கே தினமும் வண்டி ஏறுவது யார்? திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அங்குள்ள ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் நோயாளியைக் கூட்டிப் போகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு முன்பதிவில்லாத பெட்டிதான். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் அது பெரும்பாலும் வண்டியின் முன்முனையிலும் பின்முனையிலும் இருக்கும். பிளாட்பாரக் கூரையோ ஸ்டேஷன் கட்டடத்தை ஒட்டித்தான் தொடங்கும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசியிலும் மழை கொட்டுகிற மாவட்டத்தில், கூரை கடைசிப் பெட்டி வரை போகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முகப்பு அப்புறம்.

கூரையாவது போட்டுவிடலாம். பெரிய விஷயம் பாதை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே ஒரு வண்டி வந்தால், இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். பெரும்பாலும் ஒதுங்குவது பாசஞ்சர். கிராசிங்குக்காக வழியில் கால் மணி நேரம் நின்றால், வேலைக்குப் போகிறவருக்குத் தாமதக் கையெழுத்து, நோயாளிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் கடைசி இடம். கூடுதலாக ஒரு வண்டி கேட்டால், 'விடப் பாதையில் இடம் இல்லை' என்ற பதில் வருவதும் இதனால்தான். மதுரை–நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024-இல் முடிந்துவிட்டது. நம் பக்கம், திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சுமார் 87 கி.மீ. வேலைதான் வருடக்கணக்கில் இழுக்கிறது. வீடும் தோப்பும் நெருங்கிய பகுதி, நிலம் எடுப்பது கஷ்டம், சரி. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா?

குறை சொல்கிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தான். காலை வண்டியில் ஒருநாள் அவர்களோடு போய்ப் பாருங்கள். பிறகு, இரட்டைப் பாதை எந்தத் தேதிக்குள் முடியும், காலையும் மாலையும் இன்னொரு மெமு (குறுந்தூர மின்சார ரயில்) எப்போது வரும் என்று கேட்டு ஒரு மனு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.