மாமாக் கடை வைஃபைல காசு அனுப்பலாமா?

கேள்வி: வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு காத்திருக்கிற நேரத்துல மாமாக் கடையில ஒரு தே தாரிக் குடிச்சிக்கிட்டே கடை வைஃபைலதான் கரண்ட் பில் கட்டுறது, தங்கச்சிக்கு காசு அனுப்புறது எல்லாம். "பக்கத்து மேசைக்காரன் உருவிருவான்மா"ன்னு எம்மவ திட்டுறா. நெசமா?
- ஒரு வாசகி, பிறை, பினாங்கு

பதில்: மக சொல்றது ஒரு காலத்துல முழுசா சரிக்கா. 2010-ல ஃபயர்ஷீப்னு ஒரு குட்டி புரோகிராம் வந்துச்சு, அத ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல சேத்துட்டு சும்மா உக்காந்திருந்தா போதும், அதே வைஃபைல ஃபேஸ்புக் பாக்குறவங்க பேரெல்லாம் வரிசையா வரும், கிளிக் பண்ணா அவங்க கணக்குக்குள்ளயே போயிரலாம், அப்ப நெறைய வெப்சைட்டு லாகினுக்கு மட்டும் பூட்டு போட்டுட்டு மத்ததெல்லாம் தொறந்தே அனுப்புச்சு. இப்ப பேங்க் ஆப்ல எல்லாமே போன்ல கெளம்புறப்பவே பூட்டிதான் போகுது, நடுவுல புடிச்சாலும் கிறுக்கல்தான்.

இப்ப வம்பு வைஃபை பேர்லதான். யாரு வேணும்னாலும் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு உங்க கடை பேர வைக்கலாம். போன வருசம் கேஎல்-ல ஒரு ஹோட்டல்ல லிஸ்ட்ல ஒரே பேரு ரெண்டு, ஒண்ணுல மட்டும் நடுவுல ஒரு கோடு. நான் கோடு போட்டத தட்டிட்டேன். உடனே ஒரு பேஜ் வந்து இமெயிலும் அதோட பாஸ்வேர்டும் கேட்டுச்சு, பாதி அடிச்ச பெறகுதான் என் இமெயில் பாஸ்வேர்டு இவனுக்கு எதுக்குன்னு தோணுச்சு. கவுன்டர்ல கேட்டா, "எங்களோடதுல ரூம் நம்பர் மட்டும்தான் கேக்கும்ணே"ன்னான் அந்தத் தம்பி. எனக்கு படிச்சவன், எழுதுறவன்னு பேரு வேற!

அதனால பேர கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு தட்டுங்க. பேஜோட அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் இருக்கேன்னு நம்பாதீங்க, போலி பேஜுக்கும் அந்தப் பூட்டு இலவசமாவே கெடைக்குது. வைஃபை வேணும்னா இந்த ஆப்ப போடுன்னு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. பில் கட்டுற ரெண்டு நிமிசம் வைஃபைய அணைச்சிட்டு சொந்த டேட்டால கட்டுங்க, அதுக்கு டேட்டா ரொம்ப கொஞ்சந்தான் ஆகும். இலவச விபிஎன்னா, அதாவது நீங்க அனுப்புறதெல்லாம் வேற ஒருத்தர் கம்ப்யூட்டர் வழியா சுத்தி அனுப்புற ஆப்பா? கடைக்காரன நம்பாம முகம் தெரியாதவன நம்புற கதை.

ஏற்கனவே எங்கயாவது பேங்க் பாஸ்வேர்டோ டிஏசி நம்பரோ (காசு அனுப்புறப்ப பேங்க் போனுக்கு அனுப்புற ரகசிய நம்பர்) குடுத்துட்டீங்கன்னா, யார்கிட்டயும் யோசனை கேட்டுட்டு இருக்காம பேங்குக்கோ, மோசடி புகார் நம்பர் 997-க்கோ உடனே போன் அடிங்க.

இன்னொண்ணு, பாஸ்வேர்டு இல்லாத பழைய வைஃபைய போன் ஞாபகம் வச்சிருக்கும், அதே பேர்ல எவன் தொறந்து வச்சாலும் சொல்லாமலே போய் ஒட்டிக்கும். மகள உக்கார வச்சு அந்தப் பேரெல்லாம் அழிக்கச் சொல்லுங்க. என் போன்ல நாப்பத்தி மூணு இருந்துச்சுக்கா, அதுல ஒண்ணு எப்பவோ மூடிப்போன கடையோடது.