மகள் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கலாமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காத உங்கள் மகள் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிறாள் என்றும், "இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கவா இவ்வளவு படித்தாள்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலை என்னவென்பதைக் குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) என்ற ஒரே நோயைக் கொண்டு சொல்கிறேன்.

நள்ளிரவில் வலது அடிவயிற்று வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்குக் குடல்வால்தான் வீங்கியிருக்கிறதா என்பதை, வயிற்றை அழுத்திப் பார்த்து மட்டும் எப்போதும் உறுதிசெய்ய முடிவதில்லை. சிறுநீரகக் கல்லும், பெண்களுக்குச் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் அதே இடத்தில் வலியைத் தரக்கூடும். தாமதித்தால் குடல்வால் வெடித்துச் சீழ் பரவலாம். அவசரப்பட்டால் நோயில்லாத குடல்வாலை அறுத்தெடுக்க நேரலாம். இந்த நோய்க்கான வாய்ப்பைப் புள்ளிகளால் கணக்கிட 1986-இல் அல்வராடோ என்ற அறுவை மருத்துவர் வகுத்த மதிப்பீட்டில், 10 புள்ளிகளில் 3 இரத்தப் பரிசோதனையிலிருந்து வருகின்றன: வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 10,000-க்கு மேல் இருந்தால் 2, அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகையின் பங்கு கூடியிருந்தால் 1. அழற்சியின்போது இரத்தத்தில் உயரும் சி.ஆர்.பி. என்ற புரதத்தையும் சேர்த்துக்கொண்டு 2008-இல் சுவீடனிலிருந்து வெளியான மதிப்பீட்டில், 12 புள்ளிகளில் 6 வரை ஆய்வகத்திலிருந்தே வரலாம்.

இந்த எண்களை அச்சிட்டுக் கொடுப்பதோடு பணி முடிவதில்லை. கல்லீரலில் உருவாகும் சி.ஆர்.பி., அழற்சி தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே இரத்தத்தில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாள்களில் உச்சத்தை அடைகிறது. வலி தொடங்கிய உடனே வந்த சிறுவனுக்கு அது இயல்பாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் சில மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கேட்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு வெள்ளை அணுக்கள் இயல்பாகவே கூடியிருக்கும். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உயர்ந்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கலாம் என்ற ஐயம் வலுக்கும், ஆனால் எந்த ஒரு குறியீடும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. நோயாளியின் அறிகுறிகளோடும், தேவைப்பட்டால் ஸ்கேனோடும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தைச் சரியாகக் கலக்காமல் விட்டுச் சிறு உறைகட்டி உண்டானால், அணுக்களின் எண்ணிக்கை பொய்யாகக் குறையக்கூடும். குழாயில் பெயர் மாறி ஒட்டப்பட்டால் ஒருவருக்குரிய முடிவு இன்னொருவரின் படுக்கைக்குப் போய்விடும். இயந்திரம் தரும் எண்ணை அப்படியே நம்பாமல், ஐயம் எழுந்தால் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவிய இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கும் பொறுமையே இத்தொழிலின் உயிர் என்பேன். உங்கள் மகள் வேதியியல் செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதையும், அதற்கு அவசரப் பிரிவு இயங்கும் மருத்துவமனை இருக்கிறதா என்பதையும் நேரில் போய் விசாரியுங்கள். நோயாளிகள் வராத இடத்தில் இந்தக் கல்வியைப் புத்தகத்தில் மட்டுமே படிக்க முடியும். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் இத்துறையினரையும் பதிவுக்கு உட்பட்ட தொழிலராக அங்கீகரிக்கிறது என்பதை உறவினர்களிடம் சொல்லலாம். தமிழக அரசு மருத்துவமனைப் பணியிடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். இரவுப் பணி இருக்கும் என்பதையும் மறைக்காமல் மகளிடம் பேசுங்கள். சேரும் முன் ஒரு மாலைப் பொழுதாவது ஏதேனும் மருத்துவமனை ஆய்வகத்தில் அனுமதி பெற்று உட்கார்ந்து பார்க்கட்டும், அதன்பின் அவளே முடிவைச் சொல்லட்டும்.