ஹீமோகுளோபின் நார்மல்தான், அப்புறமும் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டுமா?

ஹீமோகுளோபின் 12.2 வந்திருக்கிறது, ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் முதலில் ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்று, அதாவது உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, எடுத்துவிடுங்கள்.

எனக்கும் இதே கதைதான். 12.3 இருந்தது, எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், ராத்திரி ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்து நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருப்பேன், அதை ஒரு கெட்ட பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வேறொரு டாக்டர்தான் "ஐஸ், சாக்பீஸ் ஏதாவது தின்னத் தோன்றுகிறதா?" என்று கேட்டு ஃபெரிட்டின் எழுதிக் கொடுத்தார். 7 வந்தது. 15-க்குக் கீழே போனாலே உடம்பில் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இருப்பு மொத்தமும் கரைகிற வரை ஹீமோகுளோபினைப் பெரிதாகக் குறையவிடாமல் உடம்பு சமாளித்துக்கொண்டே இருக்கும், அதனால் 12-க்குக் கீழே இறங்கும்போதுதான் கவனிப்பது என்றால் ரொம்பத் தாமதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லி போகும், அதிகப் போக்கு என்றால் 80-ஐத் தாண்டும், அப்படியென்றால் 40 மி.கி. இரும்பு அப்படியே வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு உடம்பு உறிஞ்சிக்கொள்வதோ ஒன்றிரண்டு மி.கி.தான், மற்ற இழப்புகளுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பெண்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ரத்தசோகை உள்ள இடங்களில், மாதவிடாய் வருகிறவர்கள் வருடத்தில் தொடர்ந்து மூன்று மாதம் தினமும் 30 முதல் 60 மி.கி. இரும்பு எடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் எடையும் இந்த இரும்பு அளவும் ஒன்றில்லை. ஃபெரஸ் சல்பேட் 300 மி.கி. மாத்திரையில் இரும்பு சுமார் 60 மி.கி.தான்.

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக உறிஞ்சும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேர்க்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நான்கு மணி நேரம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், முதல் நாள் நான் பயந்தே போய்விட்டேன், அது மாத்திரையால்தான். குமட்டலும் மலச்சிக்கலும் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி மறுநாள் வரை இரும்பு உள்ளே போவதைக் குறைத்துவிடும், அதனால் இடைவெளி விட்டுப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகவே சேர்கிறது.

நான் செய்த தப்பு, ஒரு மாதத்தில் தெம்பு வந்ததும் நிறுத்தியது. ஆறு மாதத்தில் மறுபடி ஐஸ் கட்டி. குறைபாடு வந்தவர்கள் ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, ரத்தம் பெரிய கட்டிகளாக வருகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் மாத்திரையோடு விட்டுவிடாமல் கருப்பையில் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் சிவப்பணுக்கள் சிறியவை என்று ரிப்போர்ட் வந்தால் அது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறாக (trait) இருக்கலாம், அதற்கு இரும்பு மருந்தில்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அட்டையை உயரத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.